தர்மத்திற்கான குரோஷாப் பின்னல்

தேனி ஜில்லா உத்தமபாளையம் தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த தேவாரம், வெயிலையும் குளிரையும் ஒரே நாளில் காணும் ஊர். ஊருக்கு மேற்கே சாக்கலூத்து மெட்டு வழியாக உடும்பன்சோலைப் பக்கம் ஏறிச் செல்லும் பழைய மலைப்பாதை உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர், கிழக்கு வெளுக்குமுன் தலையில் குல்லாவும் தோளில் துண்டுமாக ஜீப்பிற்குக் காத்து நிற்பதை இப்பகுதியார் யாவரும் அறிவர். ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்றும், கார்த்திகை மழையும், மார்கழிப் பனியும் முதலில் வருத்துவது வீட்டிலிருக்கும் முதியோரையும் கைக்குழந்தைகளையுமே. வெயில் நாடாகிய தமிழ்நாட்டில் கம்பளித் தர்மம் எதற்கு என்று கேட்போர், ஒரு மார்கழி விடியலில் இவ்வூர்ப் பஸ் நிலையத்தில் சிறிது நேரம் நின்றால் கேள்வியை விட்டுவிடுவர்.

இத்தகைய குளிருக்கு மாற்றாகப் பெண்கள் தங்கள் கையாலேயே பின்னிக் கொடுக்கக்கூடியவை குரோஷாப் போர்வை, குல்லா, காலுறை, மப்ளர் ஆகியன. இவ்வேலைக்கு வேண்டிய கருவி நுனியில் கொக்கியுள்ள ஓர் ஊசி மட்டுமே. தறி வேண்டாம், தனி இடம் வேண்டாம். இரண்டு ஊசிகொண்டு பின்னும் ஸ்வெட்டர் வேலையில் கண்ணிகள் பலவும் ஒரே சமயம் ஊசியில் நிற்க வேண்டும். நழுவினால் பின்னல் கீழ்வரை பிரிந்துவிடும். குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரே கண்ணி ஊசியில் நிற்கும். அடுப்பில் உலை பொங்கினாலும், குழந்தை அழுதாலும் அக்கண்ணியைச் சற்று நீட்டி வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பிவந்து விட்ட இடத்தில் தொடங்கலாம். கிராமத்துப் பெண்ணின் பொழுது துண்டு துண்டாகவே கிடைப்பதாகையால், இக்குணம் சிறியதன்று.

இக்கைவேலையின் சரித்திரத்தில் தர்மமும் பிழைப்பும் தொடக்கத்திலிருந்தே கலந்து நிற்கின்றன. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் ஏற்பட்டபோது, கன்னிமாடத்துச் சகோதரிகள் ஏழைப் பெண்களுக்கு குரோஷா லேஸ் பின்னக் கற்பித்தனர். அதை விற்ற பணம் அநேகக் குடும்பங்களுக்கு உணவாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஆந்திர தேசத்தின் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நரசாபுரத்துப் பெண்களுக்கு ஸ்காத்லாந்து நாட்டு மிஷனெரிகள் லேஸ் வேலையைக் கற்பித்தனர். அவ்வேலை இன்றும் அங்கு நடைபெறுகிறது. ஆனால் நரசாபுரத்தின் கதையில் ஒரு கசப்பான பகுதி உண்டு. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 1982-இல் வெளியிட்ட நூலில், அப்பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும் மிக அற்பமான கூலியே பெற்றதையும், லாபம் இடைத்தரகரிடமும் ஏற்றுமதியாளரிடமும் தங்கியதையும் விரிவாக எடுத்துக்காட்டினார். வீட்டிலிருக்கும் பெண் ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்வது என்று அவ்வேலைக்குப் பெயர் வைத்ததே கூலி குறைந்ததற்கு முக்கியக் காரணம் என்பது அவர் முடிவு. தர்மத்திற்காகப் பின்னும் ஏற்பாட்டைத் தொடங்குவோரும் இதை மனத்தில் கொள்ளுதல் நலம். பெண்ணின் நேரத்திற்கு விலையில்லை என்ற எண்ணம் தர்மத்தின் பெயராலும் உள்ளே நுழையக்கூடும்.

நேரத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். எட்டு அங்குலச் சதுரம் ஒன்றை நெருக்கமாகப் பின்னுவதற்குக் கை பழகிய பெண்ணுக்கு ஒன்றரை மணி நேரம் அளவில் பிடிக்கும். நூல் ஏறத்தாழ 20 கிராம் செல்லும். இத்தகைய சதுரங்கள் 25-ஐ இணைத்தால் 40 அங்குலச் சதுரப் போர்வை ஒன்று கிடைக்கும். அதற்கு நூல் அரை கிலோ. உழைப்பு, இணைப்பு வேலையையும் சேர்த்து 40 மணிக்கு மேல். எட்டு மணி வேலை நாளாகக் கொண்டால் ஐந்து நாள் கூலி. இந்த 40 அங்குலம் குழந்தைக்கும், நாற்காலியில் அமரும் முதியவரின் மடிக்குமே போதும். செஞ்சிலுவைச் சங்கத்தார் நிவாரணத்திற்கு வழங்கும் பெரியவர் போர்வையின் அளவு 150 சென்டிமீட்டருக்கு 200 சென்டிமீட்டர். அவ்வளவுள்ள குரோஷாப் போர்வைக்கு 70 சதுரங்கள் வேண்டும்: நூல் 1,400 கிராம், உழைப்பு 100 மணிக்கு மேல்.

மறுபக்கத்தில், ஹரியானாவின் பானிபட் நகரத்து ஆலைகள் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மீண்டும் நூலாக்கி நெய்யும் போர்வைகள் உலகின் பல பகுதிகளுக்கும் நிவாரணப் பொருளாகச் செல்கின்றன. அவற்றின் கிரயம் மிகக் குறைவு. கையால் பின்னும் பெரிய போர்வைக்கு வேண்டிய புதிய நூலை வாங்கும் பணத்திற்கே பல சமயம் அத்தகைய போர்வை முழுதாகக் கிடைத்துவிடும். ஆகையால் வெள்ளத்தாலோ தீவிபத்தாலோ நூறு குடும்பங்கள் ஒரே இரவில் வீடிழந்து நிற்கும்போது, மாதர் சங்கத்தார் ஊசியை எடுத்துக்கொண்டு உட்காருதல் தகாது. பணம் திரட்டி ஆலைப் போர்வை வாங்கி அன்றே அனுப்புவதே சிலாக்கியம். நனைந்து நிற்பவருக்கு மூன்று மாதம் கழித்து வரும் அழகிய போர்வையால் என்ன பிரயோஜனம்?

அங்ஙனமாயின் கைப்பின்னலுக்கு இடமே இல்லையோ என்றால், உண்டு. ஆலை கவனியாத சிறிய, உடம்பளவு பார்த்துச் செய்ய வேண்டிய பொருள்களில் அதன் இடம் இருக்கிறது. அவற்றுள் முதன்மையானது பிறந்த குழந்தையின் குல்லா.

பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரி முதல் 37.5 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தை தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. உடலோடு ஒப்பிட அதன் தலை பெரிது. ஈரத்துடன் திறந்திருக்கும் தலையின் வழியாக வெப்பம் விரைவில் வெளியேறும். 1978-இல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர், வெப்பப் பெட்டிகள் போதாத மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தாய் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். இந்தியாவையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளையும் சேர்ந்த மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இம்முறையைப் பிறந்தவுடனே தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைவதாகக் காட்டியது. இம்முறையில் குழந்தைக்கு அணிவிப்பவை அரைத்துணியும் காலுறையும் தலைக்கு ஒரு குல்லாவும் மட்டுமே. அக்குல்லா ஒரு குரோஷா ஊசிக்கு ஒரு மாலை வேலை. நூலும் மிகச் சிறிதே.

அதன் அளவைக் குறித்துச் சில வார்த்தைகள் அவசியம். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 33 முதல் 35 சென்டிமீட்டர் வரை இருக்கும். பின்னல் இழுத்தால் நெகிழுமாகையால் குல்லாவின் சுற்றளவு 30 சென்டிமீட்டர் இருந்தால் சரியாகப் பொருந்தும். குறைமாதக் குழந்தைக்கு 20 முதல் 25 வரையில் இரண்டு மூன்று அளவுகள் வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்போர் ஏறக்குறைய எல்லாரும் குல்லாவைப் பெரிதாகவே பின்னிவிடுகின்றனர். பெரிய குல்லா கண்ணையும் மூக்கையும் மறைக்கும். நூல் மெல்லிய பருத்தி நூலாக இருத்தல் நலம். மயிர் உதிரும் கம்பளி நூல் கூடாது. பொத்தான், மணி, நாடா, உச்சிக் குஞ்சம் இவற்றில் ஒன்றும் வேண்டாம். உட்புறத்தில் நீண்ட நூல் முனை தொங்கினால் அது சிசுவின் விரலைச் சுற்றி இறுக்கக்கூடும். காலுறையில் இவ்வபாயம் இன்னும் அதிகம். பகல் வெயிலில் வீட்டுக்குள் உறங்கும் ஆரோக்கியமான குழந்தைக்குக் குல்லா வேண்டியதில்லை என்பதையும், ஓராண்டு நிறையாத குழந்தை உறங்குமிடத்தில் தளர்ந்த போர்வை வைத்தலாகாது என்று மருத்துவர் கூறுவதையும் கொடுக்கும்போதே தாயிடம் சொல்லிவிட வேண்டும். பாட்டிமார் புதுத் துணியை விலக்கிப் பழைய வேட்டித் துணியில் குழந்தையைப் பொதிந்ததன் காரணம் மென்மையே. பின்னும் குல்லாவும் அந்தப் பழந்துணிக்கு ஒப்பாக மென்மையாக இருந்தால் அவர்களே மறுக்கமாட்டார்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி உதிர்ந்தவருக்கான குல்லாவும் இவ்வகையைச் சேர்ந்ததே. மருந்தினால் தலைத்தோல் நொந்திருக்குமாகையால் உட்புறத்தில் தடித்த தையல் வராமல் பின்ன வேண்டும். பருத்தியே இதற்கும் ஏற்றது. முதியோருக்கு மடிப்போர்வையும், முழங்கால் வரை வரும் காலுறையும் உதவும். காலுறையின் அடிப்புறம் வழுக்கும். நடமாடும் முதியவருக்கு அதைப் படுக்கையில் மட்டும் அணியும்படி சொல்லிக் கொடுப்பது அவசியம்.

தருபவரின் ஆசைக்கும் பெறுபவரின் தேவைக்கும் இடையே எப்போதும் ஓர் இழுபறி உண்டு. 2013-இல் டென்மார்க்கில் குறைமாதக் குழந்தைகளின் பக்கத்தில் வைப்பதற்காக எட்டுக்கால் கடற்பிராணி வடிவில் குரோஷா பொம்மைகள் பின்னும் வழக்கம் தொடங்கிப் பல தேசங்களுக்கும் பரவிற்று. பொம்மை அழகானது, பின்னுவோருக்கு மகிழ்ச்சி தருவது. ஆனால் அது குழந்தையின் உடல்நலத்திற்கு உதவுகிறது என்பதற்கு உறுதியான சான்று போதாது. ஆகையால் ஊசியைத் தொடுமுன், கொடுக்கப்போகும் இடத்தில் என்ன பொருள், என்ன அளவு, எத்தனை வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வதே முதல் வேலை. தேவாரம் பகுதியாருக்குக் கம்பம், போடி அரசு மருத்துவமனைகளும், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன. குழந்தைப் பிரிவின் தலைமைச் செவிலியர் வேண்டாம் என்று சொன்னால் அவ்வார்த்தையை மதிக்க வேண்டும். நோய்த்தொற்று பற்றிய விதி அவருக்குத் தெரியும், பின்னுவோருக்குத் தெரியாது.

பலர் கூடிப் பின்னி ஒரு பெரிய காரியத்தை முடிக்க இயலுமா என்று ஐயுறுவோருக்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. சுபஶ்ரீ நடராஜன் என்பவர் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்னும் மாதர் குழுவினர், 2016-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையைச் சென்னையில் விரித்துக் காட்டினர். அந்நாளில் உலகிலேயே மிகப் பெரியது என்று கின்னஸ் நிறுவனத்தார் அதனைப் பதிவு செய்தனர். பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்து இணையத்தின் வழியாக ஒன்றுகூடிய பெண்கள் அவரவர் வீட்டில் பின்னி அனுப்பியதன் சேர்க்கையே அது. பின்பு அப்போர்வை பிரிக்கப்பட்டு ஏழைகளுக்கு வழங்கப்பட்டது. இதற்கு முன் தென்னாப்பிரிக்காவில், நெல்சன் மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுத்தொண்டை நினைவுகூர்ந்து 67 போர்வைகள் என்ற பெயரில் கரோலின் ஸ்டெய்ன் தொடங்கிய இயக்கத்தார், 2015-இல் பிரிட்டோரியா நகரத்து அரசாங்க மாளிகையின் முன் இத்தகைய போர்வையை விரித்திருந்தனர். அந்நாட்டில் சிறையிலிருந்த ஆடவரும் ஊசி பிடிக்கக் கற்றுப் போர்வை பின்னினர். இது பெண்களுக்கு மட்டுமே உரிய வேலை என்று திண்ணையில் அமர்ந்திருப்போர் இதைக் கவனிக்கலாம்.

சாதனை என்பது வேடிக்கைக்குரியது. ஒரு நாளில் முடிந்துவிடுவது. கவனிக்க வேண்டியது அதன் அமைப்பு. பதினோராயிரம் சதுர மீட்டர்ப் போர்வை ஒரே துண்டாக இருந்திருந்தால் அது யாருக்கும் பயன்படாது. வெட்டினால் பின்னல் பிரிந்து போகும். ஏறத்தாழ 40 அங்குலச் சதுரம் என்று அளவை முன்கூட்டியே வகுத்து, அவ்வளவுள்ள துண்டுகளை இணைத்ததனாலேயே, பிரித்தபோது ஒவ்வொரு துண்டும் தானே ஒரு போர்வையாக நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தாரின் அளவுப்படி பார்த்தால் மொத்தப் பரப்பு சுமார் 3,700 பெரியவர்களுக்குப் போதுமானது.

தேவாரம் போன்ற ஊரில் 25 பெண்கள் சேர்ந்தால் இவ்வமைப்பையே சிறிய அளவில் கையாளலாம். ஒருவர் வாரம் ஒரு சதுரம் பின்னினால் வாரம் ஒரு மடிப்போர்வை சேரும். ஆனால் இங்கேதான் கூட்டு வேலையின் முதல் சிக்கல் தோன்றும். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கைக் கண்ணிகள் என்று கொடுத்தாலும் ஒருத்தியின் கை இறுக்கம், இன்னொருத்தியின் கை தளர்ச்சி. முன்னவளின் சதுரம் ஏழு அங்குலம், பின்னவளுடையது ஒன்பது. இரண்டையும் இணைத்தால் போர்வை சுருங்கி மேடும் பள்ளமுமாகும். எனவே எல்லாரும் முதலில் நான்கு அங்குலம் உள்ள மாதிரித் துண்டு பின்னி, அதை அட்டையில் வெட்டிய அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கை இறுகியவருக்கு ஐந்து மில்லிமீட்டர் ஊசியும், தளர்ந்தவருக்கு நான்கு மில்லிமீட்டர் ஊசியும் மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கையைத் திருத்த முயல்வதைக் காட்டிலும் ஊசியை மாற்றுவது எளிது. அதற்குப் பிறகும் அளவு ஒவ்வாதவருக்கு குல்லா வேலையைக் கொடுக்கலாம்.

இரண்டாவது சிக்கல் நூல் கணக்கு. கூட்டுறவுச் சங்கங்களின் அனுபவம் இங்கே நேராக உதவும். நூலைச் சிட்டத்தின் எண்ணிக்கையால் கொடாமல் தராசில் நிறுத்து, உறுப்பினர் பெயருக்கு எதிரே கிராம் கணக்கில் பற்று எழுத வேண்டும். முடிந்த சதுரத்தையும் மிச்ச நூலையும் நிறுத்து வரவு வைக்க வேண்டும். ஒரு போர்வைக்கு 500 கிராமும் இணைப்புக்கு 50 கிராமும் போதும். 20 கிராமில் முடிய வேண்டிய சதுரம் 26 கிராம் கொண்டால் அளவோ கையோ தவறியிருக்கிறது என்பதைக் குறிப்பேடே காட்டிவிடும். யார் மேலும் பழி வராது; மனஸ்தாபமும் இல்லை. சந்தா கொடுத்தவர்களுக்கு மாதம் ஒருமுறை இக்கணக்கைப் படித்துக் காட்டுவது நல்லது. ஒரே நிறத்தில் போர்வை வேண்டுமாயின் உறையில் அச்சிட்ட சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கும் நூலையே மொத்தமாக வாங்க வேண்டும். அது கிடைக்காவிடில் பல நிறச் சதுரங்களாகவே திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது சிக்கல் கணக்கேட்டில் தோன்றாதது, மூன்றிலும் பெரியது. 25 பெண்கள் என்று சொல்லும்போது அவர்கள் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், கடை வைத்திருப்பவர் மனைவிக்கும், கல்லூரி விடுமுறையில் வந்திருக்கும் பெண்ணுக்கும் வாரம் ஒன்றரை மணி ஒரு பொருட்டன்று. ஏலத் தோட்டத்தில் பகல் முழுதும் குனிந்து காயெடுத்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பி உலை வைப்பவளிடம் அதையே தர்மமாகக் கேட்பது முறையன்று. அவள் கண்ணுக்கும் இடுப்புக்கும் உறக்கமே தர்மம். வசதியுள்ளோர் நூலுக்குச் சந்தா கொடுக்கட்டும். நேரமுள்ளோர் சதுரம் பின்னட்டும். இணைப்பு, ஓரக்கட்டு ஆகிய தேர்ந்த வேலையைக் கூலி தேவைப்படும் பெண்ணிடம் கொடுத்து, அதற்குரிய தொகையைச் சந்தாவிலிருந்து ரொக்கமாகக் கொடுக்கட்டும். 1989-இல் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கிப் பின் தமிழ்நாடு முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் பற்று வரவு எழுதவும் தீர்மானம் போடவும் பழகிய பெண்கள் ஊர்தோறும் இருக்கின்றனர். ஏற்பாட்டை அவர்கள் பொறுப்பில் விடலாம். குளிர் காலத்தில் முதற்போர்வையைப் பெற வேண்டியவர் அத்தோட்டத் தொழிலாளியின் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. கொடுப்பவர் பட்டியலும் பெறுபவர் பட்டியலும் ஒரே தெருவில் சந்திக்கும்போது, போட்டோ எடுத்து மேடையில் வழங்கும் வழக்கத்தைக் கைவிட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதே மரியாதை.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது கடையில் உல்லன் என்று விற்பதெல்லாம் ஆட்டு மயிர் அன்று என்பதை அறிய வேண்டும். பெரும்பாலும் அது அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். விலை மலிவு; அரிப்பதில்லை; சாதாரண நீரில் துவைக்கலாம்; பூச்சி அரிக்காது. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பின் பக்கத்தில் போர்த்திக்கொண்டு உட்காரும் பாட்டிக்கு அதைக் கொடுப்பது அபாயம்; அவருக்குச் செயற்கை நூல் கலவாத கம்பளியே தகும். அசல் கம்பளியை வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும். பருத்தி மென்மையானது, ஆயினும் நனைந்தால் குளிரும். எந்த நூலாயினும் சூட்டைக் காப்பது கண்ணிகளுக்கிடையே அடைபட்டு நிற்கும் காற்றே. புத்தகத்தில் அழகாகத் தோன்றும் பூவேலைப் பின்னல்களில் ஓட்டை அதிகம். ஆடிக் காற்று அவற்றின் வழியே தடையின்றிச் செல்லும். மேசை விரிப்புக்கு அவை இருக்கட்டும். போர்வைக்கு நெருங்கிய சாதாரணப் பின்னலே வேண்டும். அதில் குழந்தையின் விரலும் சிக்காது.

முடிந்த பொருளை மணமில்லாத சோப்பில் துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு கண்ணியையும் விரலால் இழுத்துப் பார்த்து, தனித்தனி உறையில் இட வேண்டும். உறையில் நூலின் வகை, அளவு, துவைக்கும் முறை ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டினால் பெறுபவர் முதல் சலவையிலேயே அதைக் கெடுத்துவிடமாட்டார். ஆடி மாதத்தில் மாதிரித் துண்டு பார்த்து வேலையைத் தொடங்கும் 25 பேர் கொண்ட குழு, தீபாவளி வாரங்களைக் கழித்தாலும், கார்த்திகை முடிவதற்குள் பன்னிரண்டு முதல் பதினைந்து மடிப்போர்வைகளையும், அளவு ஒவ்வாத கைகள் பின்னிய குல்லாக்களையும் மருத்துவமனைக்கும் முதியோர் வீடுகளுக்கும் சேர்த்துவிடலாம்.